ஏழாவது டேக்

ராயபுரத்தில் மூடிப்போன ஒரு ஐஸ் கம்பெனி.
சுவரெல்லாம் முட்டை அட்டை, தேங்காய்நார் மெத்தை.
என் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினேழு பேர்.
ரெக்கார்டிங்கில் ஃபேன் கிடையாது.
டேக் முடிந்ததும் கதவைத் திறப்போம்,
கருவாட்டு வாசனை உள்ளே வந்து
தனக்கும் ஒரு நாற்காலி கேட்கும்.

டட்லி ரெபேரோ
பெரம்பூர் லோகோவில் ஃபிட்டர், டெனர் சாக்ஸ்.
நைட் ஷிஃப்டில் ஜாப் கார்டின் பின்பக்கம்
கோடு போட்டுக் கோடு போட்டு எழுதியது இது.
யாருக்கு எங்கே மூச்சு முட்டும் என்று
தெரிந்து எழுதியிருந்தான்:
சுகிர்தராஜுக்கு உச்சி சுரம் காலையில்தான் வரும்,
ஆகவே கத்துகிற பாட்டெல்லாம் முதலில்.
முன்பல் கட்டிய கஜபதிக்கு
ஓரமாய், நீளமாய், நாலே நாலு சுரம்.

டிராம்போன் வரிசையில் மூன்று பேர்
புளியந்தோப்பு பேண்டு செட்.
"நாலு மணிக்கு உட்டுரணும் மேடம்.
பட்டாளத்துல ஒரு சாவு,
அஞ்சுக்கு பாடி எடுக்குறாங்க."
அதனால் அன்றைக்கு எங்கள் கடிகாரத்தை
கையில் வைத்திருந்தவர்
நாங்கள் பார்த்தே இராத ஒருவர்,
பட்டாளத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
ஒரு அவசரமும் இல்லாமல்.

முதல் டேக்கில் ஐரீனின் பெடல் கிறீச்சிட்டது.
இரண்டில் டிரம்பெட் முந்தியது.
மூன்றில் துறைமுகத்துக்குப் போன கன்டெய்னர் லாரி
பிரேக் அடித்து மாட்டிக்கொண்டது.
நாலு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.
ஐந்தைப் பற்றிப் பேச வேண்டாம்.
ஆறில் கரண்ட் போனது.

ஏழு.

பதினாறு பேருக்கும் ஒவ்வொரு சுரமாய் எழுதியவன்
தன் தாளில் தனக்கென்று விட்டிருந்தது
முப்பத்திரண்டு வெற்றுக் கட்டம்,
உள்ளே சாய்கோடுகள், சாரல் அடித்த மாதிரி.
அங்கே அவன் தன்னிஷ்டத்துக்கு வாசிக்க வேண்டும்.
எழுந்து மைக்குக்கு வந்தான்.
ரீடை நனைத்தான்.
மூச்சை இழுத்தது என் வலது காதில் கேட்டது.

அப்புறம் ஒன்றுமில்லை.

விரல் சாவிமேல். வாய் ரீடில்.
பின்னால் டிராம்போன்கள் பதில் சொல்கின்றன,
யாரும் கேட்காத கேள்விக்கு.
சாக்ஸ் நாலும் மெல்ல ஒதுங்கி
ஒரு ஆள் நடக்க வழி விடுகின்றன.
ஆள் வரவில்லை.
வழி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.
டிரம்ஸிலிருந்து யூசுப் என்னைப் பார்க்கிறான்.
ஸ்டாப் பட்டன்மேல் விரல்.
அழுத்தவில்லை.
ஒரு நிமிடம்கூட இருக்காது.

"கீ மாட்டிக்கிச்சா?" என்றேன், மைக்கில்.
"இல்ல."
தலையைத் துடைத்துக்கொண்டான்.
"நான் எழுதுனது கேட்டுச்சு.
எப்பவும் அந்த எடத்துல நான் வாசிச்சிட்டு இருப்பேனா,
கேட்டதே இல்ல."
யாரும் சிரிக்கவில்லை.
யூசுப் மட்டும்: "ரூம் வாடகை யாரு தர்றது தலைவா?"

எட்டில் வாசித்தான். நன்றாகவே வாசித்தான்.
வெளியே வந்தது எட்டுதான்.
மூன்று ஐம்பதுக்கு டிராம்போன்காரர்கள்
எச்சிலைக்கூட வடிக்காமல் ஷேர் ஆட்டோவில் ஓடினார்கள்.
மறுநாள் வசந்தகுமார் போனில் சொன்னான்,
ஊர்வலத்தில் பாட்டுக்குப் பாட்டு நடுவே
கை தானாக அதையே வாசித்ததாம்,
மூன்று பேரும், அந்த முப்பத்திரண்டையும்.
"செத்தவரு பொண்ணு வந்து
இன்னா பாட்டுண்ணா இது, இன்னொரு தபா வாசினு சொல்லிச்சு மேடம்.
இன்னானு சொல்றது?"

வேண்டாத டேக்கை அழிக்க வேண்டும், அது என் வேலை.
ஏழாவதை அழிக்கவில்லை.
மின்ட் பஸ்ஸில் வீட்டுக்குப் போகையில் கேட்பேன்.
வெற்றிடம் வந்ததும் வாய்க்குள் எதையாவது
முனகிப் பார்ப்பேன். ஒட்டாது.
பதினோராவது கட்டத்தில் ஒருவர் இருமுகிறார்,
கஜபதியாகத்தான் இருக்க வேண்டும்.
தாளம் தப்பவில்லை.